கல்லில் எழுதிய நாளும் கணினியில் எழுதும் நாளும்

இலவசமாகக் கிடைக்கும் நாட்காட்டி மென்பொருள்களுள் எதைத் தேர்ந்தெடுப்பது என்னும் வினா, மேலோட்டமாக நோக்குவார்க்கு வெறும் வசதி பற்றிய வினாவாகவே தோன்றும். எது அழகாக இருக்கிறது, எது கைபேசியில் விரைவாகத் திறக்கிறது, எது நேரத்துக்கு மணியடிக்கிறது என்று பார்த்துவிட்டு ஒன்றை நிறுவிக்கொள்கிறோம். ஆனால் புதுக்கோட்டைச் சீமையில் இருந்துகொண்டு இவ்வினாவை எழுப்பும்போது அது வரலாற்று வினாவாக மாறிவிடுகிறது. ஏனெனில் நாள் குறித்தல் என்னும் கலையை இம்மண் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் பயின்று வந்திருக்கிறது. அந்தப் பயிற்சியின் சான்றுகள் குடுமியான்மலையிலும் நார்த்தாமலையிலும் திருமயத்திலும் கொடும்பாளூரிலும் கல்லில் நிற்கின்றன. அக்கற்கள் கணினிக்கு ஏதேனும் சொல்கின்றனவா என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஓர் ஊர், பல நாட்காட்டிகள்

முதலில் நம் ஊரில் எத்தனை நாட்காட்டிகள் ஒரே காலத்தில் நடைமுறையில் உள்ளன என்று எண்ணிப் பார்ப்போம். அலுவலகங்களும் கல்விக் கூடங்களும் ஆங்கில மாதங்களைப் பின்பற்றுகின்றன. வருமான வரிக்கு ஏப்ரல் முதல் நாள் ஆண்டு பிறக்கிறது. வருவாய்த் துறைக்கோ ஜூலை முதல் நாளில்தான் பசலி ஆண்டு பிறக்கும். 2024 ஜூலையில் தொடங்கியது பசலி 1434. வட்டாட்சியர் அலுவலகத்தில் ஜமாபந்தி நடக்கும்போது கிராமக் கணக்குகள் பசலி வாரியாகவே தணிக்கை செய்யப்படுகின்றன. பட்டா தொடர்பான பழைய ஆவணம் ஒன்றைத் தேடுபவர் பசலிக் கணக்கறியாமல் ஓரடியும் நகர முடியாது.

வழிபாட்டுக்கு வந்தால் கணக்கு மேலும் விரிகிறது. திருவப்பூர் முத்துமாரியம்மனுக்குப் பூச்சொரிதல் மாசியில். நார்த்தாமலைக்கும் கொன்னையூருக்கும் பங்குனி. இவை சூரியக் கணக்கில் அமைந்த தமிழ் மாதங்கள். சஷ்டியும் ஏகாதசியும் பிரதோஷமும் திதிக் கணக்கு. திருமயத்தை அடுத்த காட்டுபாவா பள்ளிவாசலின் கந்தூரி பிறைக் கணக்கு. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து கிறித்தவ மறைப்பணியின் மையமாக விளங்கிய ஆவூரில் தவக்காலமும் உயிர்த்தெழுதல் பெருவிழாவும் கதிரும் மதியும் சேர்ந்த கணக்கு. 2024-இல் மார்ச் 31 அன்று வந்த அப்பெருநாள் 2025-இல் ஏப்ரல் 20 அன்று வந்தது. ஆவூரோடு தொடர்புடைய வீரமாமுனிவரின் நூற்பட்டியல்களில் 'திருச்சபைக் கணிதம்' என்றொரு தலைப்பு காணப்படுவதை இலக்கிய மாணவர் அறிவர். காவியமும் இலக்கணமும் அகராதியும் செய்தவர்க்கு நாட்கணக்கும் வேண்டியிருந்தது!

ஆக, புதுக்கோட்டையில் வாழும் ஒருவர், எந்தச் சமயத்தவராயினும், குறைந்தது மூன்று நான்கு நாட்காட்டிகளுக்குள் ஒரே நேரத்தில் வாழ்கிறார். இவற்றையெல்லாம் இதுகாறும் ஒரே இடத்தில் தொகுத்துக் கொடுத்து வந்தது எது? சுவரில் ஆணியடித்துத் தொங்கவிடும் தினசரிக் காலண்டர்தான். ஆண்டுதோறும் ஆடிப்பெருக்கன்று சிவகாசியில் அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்கள் வெளியிடப்படுகின்றன. ஆங்கிலத் தேதி, தமிழ்த் தேதி, ஹிஜிரித் தேதி, திதி, நட்சத்திரம், நல்ல நேரம், இராகுகாலம், சந்திராஷ்டமம் அனைத்தும் உள்ளங்கையளவு தாளில் அடங்கிவிடுகின்றன. கிழித்த தாளின் பின்புறம் பால் கணக்கு எழுதப்படும். கடைக்காரர் நமக்கு இலவசமாகத் தருவதும் இதையே. இலவச நாட்காட்டி என்பது தமிழர்க்குப் புதிதன்று என்பதை நாம் மறந்துவிடலாகாது.

கற்கள் நாளைக் குறித்த முறை

புதுக்கோட்டை சமஸ்தானம் தன் எல்லைக்குட்பட்ட கல்வெட்டுகளைப் படியெடுத்து, அரச மரபு வாரியாக வரிசைப்படுத்தி, 1929-ஆம் ஆண்டு மூலபாடமாக வெளியிட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் அடங்கிய தொகுதி அது. கே. ஆர். சீனிவாச ஐயர் செய்த ஆங்கில மொழிபெயர்ப்புகள் 1941-லும் 1946-லும் வெளிவந்தன. சிறிய சமஸ்தானம் ஒன்று செய்த பெரும்பணி என்று இதனைத் தயங்காமல் கூறலாம்.

அத்தொகுதியைப் புரட்டுவார் ஒரு செய்தியை விரைவில் உணர்வர். பெரும்பாலான கற்களில் தொடர் ஆண்டு எண் இல்லை! சக ஆண்டு அரிதாகவே வருகிறது. மன்னனின் பெயரும் அவன் ஆட்சியாண்டுமே தரப்படுகின்றன. இன்ன மன்னனுக்கு யாண்டு ஏழாவது என்று இருந்தால், அம்மன்னன் எப்போது முடிசூடினான் என்பது தெரிந்தால்தானே அது எந்த ஆண்டென்று சொல்ல முடியும்? பாண்டியர் கல்வெட்டுகளில் 'இன்ன யாண்டின் எதிர் இன்ன யாண்டு' என்னும் இரட்டைக் குறிப்பு வேறு. அதிலும் சுந்தர பாண்டியர் ஒருவரல்லர், வீர பாண்டியர் ஒருவரல்லர், குலசேகரர் ஒருவரல்லர். ஒரே பெயர், ஒரே பட்டம், வெவ்வேறு தலைமுறை. சோழநாட்டுக்கும் பாண்டிநாட்டுக்கும் இடைப்பட்ட எல்லைப் பகுதியாகிய புதுக்கோட்டையில் இச்சிக்கல் இரட்டிப்பாகிறது.

இந்தச் சிக்கலிலிருந்து நம்மை மீட்டது எது? கல்லெழுதியோர் நாளைக் குறிக்கும்போது பின்பற்றிய ஒரு நல்ல பழக்கம். ஒரே நாளைப் பல அளவைகளால் குறித்தனர். பிற்காலப் பாண்டியர் கல்வெட்டுகளின் காலக்குறிப்பு பெரும்பாலும் ஒரு வாய்பாட்டில் அமையும். அதை விளக்க நாமே ஒரு மாதிரி அமைத்துக்கொள்வோம்: கன்னி நாயற்றுப் பூர்வபட்சத்துப் பஞ்சமியும் வியாழக்கிழமையும் பெற்ற அனுஷத்து நாள். கதிரவன் நிற்கும் இராசி, பக்கம், திதி, கிழமை, நட்சத்திரம் என ஐந்து அளவைகள் ஒரு தொடரில் அடங்கியுள்ளன.

இவை வெறும் அலங்காரமல்ல. ஒன்றையொன்று சரிபார்க்கும் தன்மை இவற்றுக்கு உண்டு. கன்னி இராசியில் கதிரவன் நிற்கிறான் என்றால் அவன் இருக்கும் இடம் 150 பாகைக்கும் 180 பாகைக்கும் இடைப்பட்டது. வளர்பிறைப் பஞ்சமி என்றால் மதி அவனுக்கு 48 முதல் 60 பாகை முன்னே நிற்கும். எனவே மதி நிற்குமிடம் 198 முதல் 240 பாகைக்குள். அந்த இடைவெளியில் வருவன சுவாதியின் இறுதி, விசாகம், அனுஷம், கேட்டை ஆகியவையே. கல்லில் ரோகிணி என்று இருந்தால், எழுதியவர் பிழைத்தார் அல்லது படித்தவர் பிழைத்தார் என்று உடனே சொல்லிவிடலாம். இவற்றுக்கு மேல் கிழமையும் பொருந்தியாக வேண்டும். ஓர் எழுத்து சிதைந்திருந்தாலும் மற்றவற்றைக் கொண்டு அதை ஊகிக்க முடிகிறது. இன்றைய கணினியியலார் தரவு சிதையாமல் காக்கச் சரிபார்ப்பு எண்களைச் சேர்த்து அனுப்புகின்றனர் அல்லவா, அதே வேலையைத்தான் இந்தப் பஞ்ச அளவைகள் கல்லில் செய்தன.

இக்குறிப்புகளைக் கொண்டு ஜெர்மானிய அறிஞர் கீல்ஹார்ன், முதலாம் இராசராசன் 985-ஆம் ஆண்டு ஜூன் 25-க்கும் ஜூலை 25-க்கும் இடைப்பட்ட ஏதோ ஒரு நாளில் ஆட்சியேறினான் என்று கணித்துக் காட்டினார். கும்பகோணத்தைச் சேர்ந்த ந. சேதுராமன் இதே கணித வழியில் பாண்டியர் காலவரிசையை ஆராய்ந்து 1978-இல் நூலாக்கினார். பழைய தரவிலிருந்து புதிய உண்மை பிறக்க வேண்டுமானால் அத்தரவு முதலில் செம்மையாக எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பதே இவர்களின் உழைப்பிலிருந்து நாம் கற்கும் பாடம்.

சோழிகளும் வாக்கியங்களும்

நாளைக் கணிப்பதற்குரிய 'மென்பொருள்' அந்நாளில் எங்கே இருந்தது? மனித நினைவில் இருந்தது. தமிழகத்துப் பஞ்சாங்க மரபில் புகழ்பெற்றது வாக்கிய முறை. மதியின் நிலையைத் தரும் 248 வாக்கியங்கள் வரருசியின் பெயரால் வழங்குகின்றன. ஏன் 248? மதி பூமிக்கு அண்மையில் வந்து அகன்று மீண்டும் அண்மைக்கு வர ஏறத்தாழ 27.55 நாள் ஆகிறது; அத்தகைய ஒன்பது சுற்றுகள் கிட்டத்தட்டச் சரியாக 248 நாளில் நிறைவுறுகின்றன. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வாக்கியம். எழுத்துகளுக்கு எண் மதிப்புத் தரும் கடபயாதி முறையில் அவை அமைந்தன. பார்ப்பதற்கு வாக்கியம், பிரித்தால் பாகையும் கலையும்! இம்மரபின் அடிப்படை நூலான வாக்கியகரணத்தைக் குப்பண்ண சாஸ்திரியும் கே. வி. சர்மாவும் பதிப்பித்து 1962-இல் சென்னையில் வெளியிட்டனர்.

இம்முறையை நேரில் கண்டு வியந்தவர் ஜான் வாரன். சென்னை வானாய்வு நிலையத்தில் பணியாற்றிய இவர் 1825-இல் வெளியிட்ட காலசங்கலித என்னும் நூலில், புதுச்சேரியில் தமக்குச் சந்திர கிரகணம் கணித்துக் காட்டிய தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவரைப் பற்றி எழுதியிருக்கிறார். தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமான வாய்பாடுகளைச் சொல்லிச் சொல்லி, அக்கணிதர் கணக்கை முடித்தார். ஏடு இல்லை, எழுதுகோல் இல்லை. 1825 மே 31-க்கும் ஜூன் 1-க்கும் இடைப்பட்ட இரவின் கிரகணத்துக்கு அவர் கூறிய தொடக்கம் 4 நிமிடம் மட்டுமே பிழைத்தது. நடுவில் 23 நிமிடமும் முடிவில் 52 நிமிடமும் பிழை வந்தது. அக்கணிதர்க்கு அதன் பின்னுள்ள வானியல் கோட்பாடு தெரியாது, நினைவாற்றல் மட்டுமே மிகுதி என்பது வாரனின் கருத்து. பிற்காலத்தில் கணித வரலாற்றறிஞர் நாய்கபவர் 1952-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இந்நிகழ்ச்சியை விரிவாக ஆராய்ந்தார்.

வாரன் கூறியது சரியோ தவறோ, ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். சூத்திரம் ஒருவர் கையில், பயன் எல்லோர்க்கும். அந்த ஒருவர் மறைந்தால்? அவருடைய மாணாக்கர் அறிந்திருந்தால் பிழைத்தது. இல்லையேல் சோழிகள் வெறும் சோழிகளே. இது பத்தொன்பதாம் நூற்றாண்டின் சிக்கல் மட்டுமன்று என்பதைப் பின்னர்க் காண்போம்.

சாமிக்கண்ணுப் பிள்ளையின் கொடை

சோழியை ஏட்டுக்குக் கொண்டுவந்தவர் என்று திவான் பகதூர் எல். டி. சாமிக்கண்ணுப் பிள்ளையைச் சொல்லலாம். 1865-இல் பிறந்து 1925-இல் மறைந்த இவர் அரசுப் பணியில் உயர்ந்தவர். வாழ்வின் இறுதியில் சென்னைச் சட்டமன்றத்தின் தலைவராகவும் இருந்தார். 1911-இல் இந்தியக் காலக் கணிதம் பற்றிய நூலை வெளியிட்டார். அதற்குப் பின் 1922-இல் சென்னை அரசு அச்சகம் வெளியிட்ட பெருந்தொகுதிகளில், கி.பி. 700 முதல் 1799 வரை ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு நாள்தோறும் உரிய திதி, நட்சத்திரக் கணக்கைத் தந்தார். கல்வெட்டில் காணும் குறிப்பை எடுத்துக்கொண்டு அத்தொகுதியைப் புரட்டினால் ஆங்கிலத் தேதி கிடைக்கும். வானியல் பயிலாத வரலாற்று மாணவரும் கல்வெட்டுக்கு நாள் காண அது வழி செய்தது.

இலக்கியத்திலும் இவர் கை வைத்தார். பரிபாடலின் பதினோராம் பாடலில் வரும் கோள்நிலையைக் கணித்து அதைக் கி.பி. 634 என்றார். அம்முடிவை ஏற்காதோர் பலர். ஏற்பதும் மறுப்பதும் ஒருபுறம் இருக்கட்டும். அவர் தம் கணக்கைத் திறந்து வைத்தார், அதனால்தான் மறுக்கவும் முடிந்தது. வழிமுறையை மறைத்துவிட்டு முடிவை மட்டும் தருபவரோடு யாரும் வாதிட இயலாது.

இன்று அப்பெருந்தொகுதிகளின் பணியைக் கணினி நொடியில் செய்கிறது. ஜப்பானிய அறிஞர் மிச்சியோ யானோவும் மகோடோ ஃபுஷிமியும் சூரிய சித்தாந்தத்தின் அடிப்படையில் எழுதிய பஞ்சாங்க நிரல் கல்வெட்டாய்வாளர்க்கு விலையின்றிக் கிடைத்தது. டெர்ஷோவிட்சும் ரைன்கோல்டும் 1997-இல் முதற்பதிப்பாக வெளியிட்ட நாட்காட்டிக் கணித நூல், இந்திய நாட்காட்டிகள் உள்ளிட்ட பலவற்றுக்கும் நிரல் வடிவில் விதிகளைத் தந்தது.

எந்தக் கணக்கு நம் கணக்கு?

கணினி கணிக்கும் என்றவுடன் சிக்கல் தீர்ந்துவிட்டதாக எண்ணலாகாது. எந்த விதிப்படி கணிக்க வேண்டும் என்பதை மனிதர்தாம் சொல்ல வேண்டும். தமிழ் மாதப் பிறப்பையே எடுத்துக்கொள்வோம். கதிரவன் ஒரு ராசியில் புகும் நேரம் சூரிய மறைவுக்கு முன் என்றால் அன்றே மாதம் பிறக்கும். பின் என்றால் மறுநாள். கேரளத்தில் எல்லை இதனினும் முந்தியது. அதனால் ஒரே வானத்தின் கீழ் நம் மாதமும் அவர்கள் மாதமும் சில வேளைகளில் ஒரு நாள் வேறுபடுகின்றன.

வாக்கியமா திருக்கணிதமா என்பது அடுத்த வழக்கு. 2025 மார்ச் 29 அன்று சனிப்பெயர்ச்சி என்று திருக்கணிதப் பஞ்சாங்கங்கள் குறித்தன. வாக்கியக் கணக்கின்படி அது 2026-இல்தான் என்று திருநள்ளாறு கோயில் நிர்வாகம் அறிவித்தது. ஏறத்தாழ ஓராண்டு வேறுபாடு! சோதிடத்தில் நம்பிக்கை உள்ளவர், இல்லாதவர் என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை. ஒரு மென்பொருள் 'சனிப்பெயர்ச்சி' என்று ஒரு நாளைக் காட்டும்போது, அது எந்தக் கணக்கின்படி என்று சொல்கிறதா? சொல்லவில்லை என்றால் அது பாதி நாட்காட்டிதான்.

இந்திய அரசு இக்குழப்பத்துக்கு முடிவு கட்ட முயன்றதும் உண்டு. மேகநாத் சாகாவின் தலைமையில் 1952-இல் அமைந்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு 1955-இல் அறிக்கை தந்தது. அதன்படி 1957 மார்ச் 22 முதல் சக ஆண்டின் அடிப்படையிலான தேசிய நாட்காட்டி நடைமுறைக்கு வந்தது. அன்று சகம் 1879, சைத்திரம் 1. அரசிதழிலும் வானொலி அறிவிப்பிலும் அது வாழ்கிறது. வீட்டுச் சுவரில் இடம் பிடிக்கவில்லை. ஆயினும் கணினியுலகில் அதற்கு ஒரு பேறு கிடைத்தது. உலகமொழிகளுக்கான தேதி வடிவங்களைத் தொகுக்கும் யூனிகோடு அமைப்பின் தரவுக் களஞ்சியத்தில் 'இந்திய' நாட்காட்டி என்ற பெயரில் இடம்பெற்றது இந்தச் சக நாட்காட்டியே. மக்கள் பின்பற்றாத ஒன்று நம் அனைவர்க்கும் பேராளராக அங்கே அமர்ந்தது. தமிழ்ப் புத்தாண்டு தை முதல் நாளா சித்திரை முதல் நாளா என்பதே 2008-இல் ஒரு சட்டத்தால் மாறி 2011-இல் மீண்டும் மாறியது. எங்கோ இருந்துகொண்டு ஒருவர் எழுதித் தரும் விடுமுறைப் பட்டியலை நாம் திருத்த முடியாதென்றால், இத்தகைய மாற்றங்களை அது எவ்வாறு ஏற்கும்?

இலவசமும் விடுதலையும்

இப்போது மென்பொருளுக்கு வருவோம். இலவசம் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு பொருள்கள் ஒளிந்துள்ளன. விலை இல்லாமை ஒன்று. கட்டற்ற உரிமை மற்றொன்று. 2006 ஏப்ரலில் அறிமுகமான கூகுள் காலண்டர் முதல் வகை. தண்டர்பேர்ட், கேஆர்கனைசர், எவல்யூஷன் முதலியன இரண்டாம் வகை. அவற்றின் மூலநிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம்.

இவ்வேறுபாடு ஏட்டுச் சுரைக்காய் அன்று என்பதற்கு அண்மைக்கால வரலாறு சான்று. சன்ரைஸ் என்னும் அழகிய நாட்காட்டிச் செயலியை மைக்ரோசாஃப்ட் 2015-இல் வாங்கி 2016-இல் நிறுத்தியது. பணிப்பட்டியலுக்குப் பெயர்பெற்ற வுண்டர்லிஸ்ட் 2015-இல் அதே நிறுவனத்தின் கைக்கு வந்து 2020 மே மாதம் மூடப்பட்டது. விண்டோஸுடன் வந்த அஞ்சல், நாட்காட்டிச் செயலிகளுக்கு 2024 டிசம்பர் 31-உடன் ஆதரவு முடிந்தது. இவையெல்லாம் சோழிக் கணிதர் மறைந்த கதையே.

மாறாக, ஆஸ்ட்ரிட் என்னும் பணிப்பட்டியல் செயலியை யாஹூ 2013-இல் வாங்கி அவ்வாண்டே மூடியபோது நடந்தது வேறு. அதன் மூலநிரல் ஏற்கெனவே திறந்திருந்தது. அதிலிருந்து டாஸ்க்ஸ்.ஆர்க் என்னும் செயலி முளைத்தது, இன்றும் வாழ்கிறது. 2023-இன் இறுதியில் சிம்பிள் மொபைல் டூல்ஸ் என்னும் கட்டற்ற செயலித் தொகுப்பு வேறொரு நிறுவனத்துக்கு விற்கப்பட்டபோதும் அவ்வாறே. அதன் நாட்காட்டி ஃபாசிஃபை என்ற புதுப்பெயரில் தொடர்கிறது. மொசில்லாவின் தனி நாட்காட்டியான சன்பேர்ட் 2010-உடன் நின்றது. எனினும் அதன் உடன்பிறப்பாகிய லைட்னிங் 2015-இல் தண்டர்பேர்டுக்குள் ஐக்கியமாகி இன்றும் பயன்படுகிறது. குருவின் ஏடு மாணாக்கர் கையில் இருந்தால் குரு மறைந்தாலும் கணக்கு மறையாது.

நிரலினும் முதன்மையானது வடிவம். நாட்காட்டித் தரவைப் பரிமாறுவதற்குரிய ஐகேலண்டர் பொது வடிவம் 1998-இல் வரையறுக்கப்பட்டு 2009-இல் திருத்தப்பட்டது. ஐசிஎஸ் என்ற பின்னொட்டுடைய கோப்பு இதுவே. இது படிக்கத்தக்க வெறும் எழுத்துக் கோப்பு. யூனிகோடு எழுத்துகளை ஏற்பது. எனவே தமிழில் எழுதிய குறிப்பு தமிழாகவே நிற்கும். ஒரு சிறு இடர் மட்டும் உண்டு. இவ்வடிவம் ஒரு வரியை 75 எண்மங்களுக்குள் மடிக்கச் சொல்கிறது. ஆங்கில எழுத்துக்கு ஓர் எண்மம் போதும். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று வேண்டும். கவனமின்றி எழுதிய நிரல் ஒரு குறியீட்டின் நடுவிலேயே வரியை முறித்துவிட்டால், திறக்கும்போது எழுத்துக்குப் பதில் கேள்விக்குறி நிற்கும். எனவே எந்த மென்பொருளையும் ஏற்குமுன் நீண்ட தமிழ்க் குறிப்பு ஒன்றை எழுதி, ஏற்றுமதி செய்து, வேறொரு மென்பொருளில் திறந்து பார்ப்பது நலம். ஐந்து நிமிடச் சோதனைதான்.

நாளும் முறையும்

நாள் குறித்தல் வேறு, பணி குறித்தல் வேறு. நம் முன்னோர் இவ்வேறுபாட்டை நன்கு அறிந்திருந்தனர். திருவிழா நாளில் வரும். மண்டகப்படி முறையில் வரும். முதல் நாள் இன்னார், இரண்டாம் நாள் இன்னார் என்ற வரிசை, தேதி மாறினாலும் மாறுவதில்லை. புதுக்கோட்டைச் சீமையின் ஆயிரக்கணக்கான கண்மாய்களிலும் குளங்களிலும் நீர் பாய்ச்சியது முறை வைத்துத்தான். ஒருவர் வயலுக்குப் பாய்ந்து முடிந்த பின்னரே அடுத்தவர்க்கு. குமிழியும் மடையும் அமைத்தவர் பெயரை இங்குள்ள பழங்கல்வெட்டுகள் போற்றிக் கூறுவதும் இந்த ஒழுங்கின் அருமை கருதியே.

நம் அன்றாடப் பணிகளும் அவ்விருவகையே. மின்கட்டணத்துக்குக் கெடு நாள் உண்டு. அது நாட்காட்டிக்கு உரியது. தண்ணீர்த் தொட்டி கழுவுதல், சென்ற முறை கழுவியதிலிருந்து கணக்கிட வேண்டியது. அது முறைக்கு உரியது. டாஸ்க்ஸ்.ஆர்க் போன்ற செயலிகள் முடித்த நாளிலிருந்து மீண்டும் எண்ணும் வசதியைத் தருகின்றன. ஐகேலண்டர் வடிவத்திலேயே நிகழ்வு வேறு, பணி வேறு எனத் தனித்தனி உறுப்புகள் உள்ளன. ஒன்றின் பணியை மற்றொன்றில் திணித்தால் நினைவூட்டல்கள் பெருகி, இறுதியில் எதையும் பொருட்படுத்தாத நிலைக்கு வந்துவிடுவோம்.

திதி என்னும் உரைகல்

எந்த நாட்காட்டி மென்பொருளுக்கும் நம் வீட்டில் உள்ள உண்மையான உரைகல், இறந்தோர்க்குரிய திதி. தந்தை மறைந்தது ஆடி மாதத் தேய்பிறைச் சப்தமி என்றால், அதை அந்த ஆண்டின் ஆங்கிலத் தேதியில் குறித்து 'ஆண்டுதோறும்' என்று பொத்தானை அழுத்திவிட்டால், மறு ஆண்டே அது தவறான நாள். பன்னிரண்டு மதி மாதங்கள் சேர்ந்தால் 354 நாள். கதிர் ஆண்டுக்கு ஏறத்தாழ 11 நாள் குறைவு. ஆண்டுக்காண்டு திதி முன்னோக்கி நகரும். மாதத்தின் எல்லையைத் தாண்டினால் மறுகோடியில் வந்து நிற்கும். சில ஆண்டில் ஒரே மாதத்தில் இருமுறை வருவதும் உண்டு. ஆங்கில நாட்காட்டி அல்லாத கணக்குகளில் மீள்நிகழ்வு குறிப்பதற்கென 2015-இல் ஐகேலண்டர் வடிவத்துக்கு ஒரு விரிவு வரையறுக்கப்பட்டது. சீனப் புத்தாண்டு போன்றவற்றுக்கு அது உதவும். ஏற்கும் மென்பொருள்கள் சிலவே. மாதமும் பக்கமும் திதியும் கலந்த நம் கணக்குக்கு அது போதாது.

ஆகவே நாம் பரிந்துரைப்பது எளிய வழி. ஆண்டுத் தொடக்கத்தில் குடும்பம் பின்பற்றும் பஞ்சாங்கத்தைப் பார்த்து அவ்வாண்டுக்குரிய நாளைத் தனி நிகழ்வாக இடுக. அந்நிகழ்வின் குறிப்பில் மறைந்த ஆண்டு, தமிழ் மாதம், பக்கம், திதி, நட்சத்திரம், கிழமை, எந்தப் பஞ்சாங்கம் என்பன அனைத்தையும் எழுதுக. கல்லெழுதியோர் செய்தது போல! நாளை வேறு மென்பொருள் வரலாம். இன்றைய நிறுவனம் மறையலாம். நமக்குப் பின் வருவோர் வேறு நாட்டில் வேறு மொழியில் வாழலாம். அக்குறிப்பைக் கொண்டு அவர்கள் தம் நாளைத் தாமே கணித்துக்கொள்வர்.

தேர்வு பற்றிச் சுருக்கமாகக் கூறின், கணிப்பொறிக்குத் தண்டர்பேர்டும், ஆண்ட்ராய்டு கைபேசிக்கு ஃபாசிஃபை அல்லது ஈட்டார் நாட்காட்டியும், பணிகளுக்கு டாஸ்க்ஸ்.ஆர்க்கும் தனிமனிதத் தேவைக்குப் போதுமானவை. மூன்றுமே கட்டற்றவை. குடும்பத்தார் பலரோடு பகிர வேண்டிய தேவை இருந்தால் கூகுள் காலண்டர் எளிது. அதைப் பயன்படுத்துவோர் ஆண்டுக்கு இருமுறையேனும் ஐசிஎஸ் கோப்பாகத் தரவை இறக்கித் தம் கையில் வைத்துக்கொள்ளுதல் வேண்டும். எதைத் தேர்ந்தாலும் கேட்க வேண்டியவை மூன்று: என் தரவை முழுமையாக வெளியே எடுக்க முடியுமா? தமிழில் எழுதியது தமிழாகவே திரும்புமா? இதை நடத்துவோர் நாளை கைவிட்டால் வேறொருவர் தொடர முடியுமா?

இன்ன மன்னன் என்று உறுதியாகச் சொல்ல முடியாத கற்கள் இன்னும் பல இச்சீமையில் உள்ளன. பெயர் மட்டும் எழுதி நாளளவைகளை எழுதாமல் விட்டவை அவை. நாளை முழுமையாக எழுதிய கற்களோ தம் மன்னனையும் காட்டிக்கொடுத்து, பக்கத்துக் கல்லின் மன்னனையும் காட்டிக்கொடுக்கின்றன.